சம்புவராயர்களும் எங்கள் விடுதிக் கட்டிலும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பாக்கி இருந்தது ஆய்வுக் கட்டுரை மட்டும்தான். எங்கள் காஞ்சிபுரம் பக்கத்தை ஆண்ட சம்புவராயர்களின் வம்சாவளியைக் கல்வெட்டுகளை வைத்து வரைய வேண்டும்.

வீட்டில் கெடு வைத்துவிட்டார்கள். "இந்த வாட்டி பாஸ் பண்ணலன்னா படிப்பும் வாணாம், ஒண்ணியும் வாணாம். தை மாசம் கல்யாணம்தான்" என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நானா விடுவேன்? லீவு நாளெல்லாம் பஸ் ஏறிக் கோயில் கோயிலாகப் போனேன். கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டி, ஒரு வழியாகப் படத்தை வரைந்து அனுப்பினேன்.

வழிகாட்டிப் பேராசிரியர் போனில் சிரித்தார். "ஏம்மா, உன் கணக்குப்படி புள்ள அப்பாவைவிட மூத்தவனா இருக்கானே!"

மானமே போய்விட்டது. எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தேன். ஆண்டுகளில் தப்பில்லை. பிறகு எங்கே உதைக்கிறது? விடுதி அறையில் தாளை விரித்து வைத்துப் புலம்பினேன். என் அறைத்தோழி தென்காசிக்காரி, வரலாறு என்றாலே கொட்டாவி விடுபவள். அன்று எட்டிப் பார்த்து, "இவன் அவருக்கு மவன்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள். அவருக்குப் பிறகு இவர்தானே பட்டத்துக்கு வந்தார் என்றேன்.

தான் உட்கார்ந்திருந்த கட்டிலைத் தட்டினாள். "ஏட்டி, இது எங்கக்கா கெடந்த கட்டிலு. அவ கல்யாணமாயிப் போனா, நான் வந்தேன். அதுக்காவ நான் அவளுக்கு மவளா?"

எனக்குச் சுரீர் என்றது. யாருக்குப் பின் யார் என்பதைத்தான் கல்வெட்டு சொல்லியிருந்தது. மகன் என்பது என் கைச்சரக்கு. படத்தை மொத்தமாக அழித்தேன். உறவைக் கல்வெட்டே சொல்லும் இடத்தில் நேர்க்கோடு, சொல்லாத இடத்தில் புள்ளிக்கோடு. முடித்துப் பார்த்தால் புள்ளிக்கோடுதான் அதிகம்! இப்படித் தெரியாது, தெரியாது என்று கொடுத்தால் யார் பாஸ் போடுவார்கள்? ஆனாலும் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதில்லை என்று அப்படியே அனுப்பினேன்.

வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நேராக ஒரு புள்ளிக்கோட்டின் மேல்தான் விரலை வைத்தார். "இங்க ஏம்மா கோடு போடலை?"

"கல்வெட்டு சொல்லலை சார். அதான் நானும் சொல்லலை."

தலையசைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். பாஸ்!

அந்தத் தை மாதம் கல்யாணம் நடந்தது என் தோழிக்கு. இப்போது அதே கட்டிலில் அவளுடைய சித்தி மகள் படுக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம், தெரியாமல் ஒரு கோட்டையும் போடக் கூடாது, அந்தப் புள்ளிகளில் ஒன்றையாவது நேர்க்கோடாக்காமல் ஓயவும் கூடாது என்று நினைத்துக்கொண்டு, லீவு நாளில் இன்றைக்கும் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன்.