பெயரையும் தூக்கிக்கொண்டு போனவன்

அயர்லாந்துக்கு வந்த முதல் மாதத்தில் ஒருநாள், பார்சல் வண்டிக்காரர் என் கைப்பேசிக்குக் கூப்பிட்டு ஏழு எழுத்தில் ஒரு கோட் கேட்டார். நான் தர மறுத்துவிட்டேன். கைப்பேசியில் யார் எந்த நம்பரைக் கேட்டாலும் சொல்லாதே என்று ஊரில் எத்தனை பேர் எச்சரித்திருப்பார்கள்! ஓடிபி சொல்லி ஏமாந்தவர்களை எனக்கே தெரியும். "நோ கோட் சார். சர்ச் தாண்டி லெஃப்ட், பச்சை கேட்" என்று நான் வழி சொல்லச் சொல்ல, அவர் "ஏர்கோட், ஏர்கோட்" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். இணைப்பைத் துண்டித்துவிட்டேன். பார்சல் திரும்பிப் போய்விட்டது. வேலை முடிந்து வந்த என் மனைவி செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "அது வீட்டோட பின்கோடுங்க. இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா ஒண்ணு உண்டு. ஏதோ உங்க சொத்தைக் கேட்ட மாதிரி பண்ணியிருக்கீங்களே!"

இன்னொரு வேடிக்கை, எங்கள் வீட்டுக் கோடுக்கும் பக்கத்து வீட்டுக் கோடுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒன்று தெரிந்தால் அடுத்ததை ஊகிக்க முடியாது. செல்விக்கே இது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அவள் நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா சுரங்கத்தில் பர்மனன்ட் தொழிலாளி. அங்கே பிளாக் நம்பரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் தெரிந்தால் போதும், பஸ்ஸைவிட்டு இறங்கிய வெளியூர்க்காரன்கூட எண்ணிக்கொண்டே வாசலுக்கு வந்துவிடலாம். நான் அந்த நகரியத்துக்கு டூவீலர் ஒர்க்ஷாப் வேலைக்காக தினமும் சைக்கிள் மிதித்து வந்தவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. என் ஊர் வேலங்குப்பம், நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டியது. எங்களுக்கு விலாசமே அந்த ஊர்ப்பெயர்தான். இப்போது செல்வி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அதே இல்லத்தின் சமையலறையில் நான் காய் நறுக்கி, பாத்திரம் தேய்க்கிறேன்.

வேலங்குப்பத்தில் பாதிதான் இப்போது இருக்கிறது. மேற்குத் தெருக்கள் சுரங்கத்துக்குப் போய்விட்டன. எங்களுக்கு எட்டுக் கிலோமீட்டர் தள்ளி மனை கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் இடம் மாறினால், புது இடத்தில் முதலில் நிற்பது பெயர்ப்பலகை. கோயிலுக்குக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே, முள்காட்டின் நடுவே ஒரு தகரத்தில் "வேலங்குப்பம்" என்று எழுதி நட்டுவிட்டோம். "ஊரே வந்துடுச்சி" என்று என் அக்கா வசந்தா போனில் எல்லோருக்கும் சொன்னாள். கிழக்குத் தெருவில் அறுபது எழுபது வீடுகள் நிலத்தை எழுதிக்கொடுக்காமல் அங்கேயே நின்றுவிட்டதை அப்போது யாரும் பேசவில்லை. பேசினால் சண்டை வரும் என்பதால், பேசாமலே பழகிக்கொண்டோம்.

போன வருஷம் அக்காவோடு இருக்கும் அம்மாவுக்கு ஒரு காலை நேரத்தில் மூச்சுத்திணறல் வந்தது. ஆம்புலன்ஸ்காரர் போனில் வழி கேட்டுக் கேட்டு, எங்கெங்கோ சுற்றினார். கடைசியில் அக்காவே மெயின் ரோட்டுக்கு ஓடிவந்து கையைக் காட்டி அழைத்துப் போனாள். அம்மா பிழைத்துக்கொண்டாள். எனக்குத்தான் பயம் விடவில்லை. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தால், அம்மா இருக்கும் இடத்தில் வெறும் வெளிறிய தரை. வீடு கிடையாது, தெரு கிடையாது. காய் நறுக்கிக்கொண்டே ஒரு நாளைக்குப் பத்துமுறை அதைத் திறந்து பார்ப்பேன். எங்கள் தலைமைச் சமையல்காரி ஷினேட் இதைக் கவனித்துவிட்டாள். அவள் லீவு நாட்களில் வரைபடம் பார்த்து மலையேறப் போகிறவள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் வரைந்து சேர்க்கக்கூடிய ஒரு பொது வரைபடத்தைக் காட்டி, "நீயே போட்டுவிடலாமே" என்றாள்.

"யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?" என்றேன். "யாரிடமும் வேண்டாம்" என்றாள். "சரி, விண்ணப்பம் எங்கே கிடைக்கும்?" என்றேன். "அப்படி எதுவும் இல்லை." நான் விடவில்லை. ஒரு ஊரையே வரைவதற்குக் கையெழுத்து போட ஒரு ஆபீசர்கூடவா இருக்கமாட்டார்? மூன்றாம் தடவை கேட்டபோது அவள் முகம் சுருங்கியது. தன்னைப் பொய்க்காரி என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொண்டாள் போல. மறுநாள் ஒரு கேக் துண்டைக் கொண்டுபோய் வைத்து அவளைச் சமாதானப்படுத்தினேன்.

ஒரு ஞாயிறு மதியம் அக்காவின் தெருவை வரைந்தேன். சேமித்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கடிதம் வந்தது. மாட்டிக்கொண்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். செல்வியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அது தமிழில் இருந்தது. "வணக்கம் அண்ணை, நல்வரவு. உங்கட முதல் தெருவைப் பார்த்தன், நல்லா வரைஞ்சிருக்கிறியள். ஏதும் சந்தேகம் எண்டால் கேளுங்கோ." எழுதியவர் மதி, யாழ்ப்பாணத்துக்காரர். நோர்வேயில் ஒரு பஸ் டிப்போவில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் புதிதாக வருகிறவர்களின் வேலையைப் பார்த்து, தவறு இருந்தால் சொல்லித்தருகிறார். அதற்கு அவருக்கு யாரும் எதுவும் தருவதில்லை. அவரைப் போல உலகம் முழுக்கப் பலர் இருக்கிறார்களாம். நான் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பட்டனை இரண்டுமுறை அழுத்திவிட்டேன், கேஸ் போடுவார்களா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். "கேஸ் இல்லை அண்ணை, தேத்தண்ணி குடியுங்கோ" என்று பதில் வந்தது.

தைரியம் வந்ததும் நான் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வரைபடத்தில் பழைய இடத்தில் "வேலங்குப்பம்" என்று ஒரு புள்ளி இருந்தது. அதைப் பிடித்து இழுத்து, எட்டுக் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து, புது மனையில் வைத்தேன். வீடு மாறும்போது சாமானை ஏற்றிக்கொண்டு போவதில்லையா, அதைப் போல. ஊர் எங்கே போனதோ பெயரும் அங்கே போக வேண்டும், எங்களுக்குத் தெரிந்த நியாயம் அதுதான். அன்று முழுக்க ஒரு வீரனைப் போல உலவினேன்.

மூன்று வாரம் கழித்து, அந்த மாற்றத்துக்குக் கீழே ஒரு குறிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. "யாருய்யா நீ? எங்க ஊரைத் தூக்கிகினு போயி எங்க வெச்சிக்கீற? என் பொண்ணைப் பாக்க வந்தவங்க வண்டி புது மனைக்குப் போயி சுத்திகினு திரும்பிப் போயிடுச்சி. மேப்லயே இல்லாத ஊருல எப்படிப் பொண்ணெடுக்கறதுன்னு கேக்கறாங்க. போறவங்க போனீங்க, பேரையுமா தூக்கிகினு போவீங்க?" கீழே ராமலிங்கம், கிழக்குத் தெரு என்று இருந்தது. எனக்கு அவரைத் தெரியும். என் அப்பாவோடு ஒரே கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர். நான் புனைபெயரில் இருந்ததால், செய்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

தோண்டப் போகிற ஊர் என்று ஏற்கெனவே அந்தத் தெருவில் பெண்ணெடுக்கத் தயங்குகிறார்கள். இருக்கிற ஊரை இல்லாமல் ஆக்கியது யார்? நான். கணக்கையே மூடிவிட்டு ஓடிவிடுவது என்று முடிவுசெய்து, "மன்னியுங்கள், போய்வருகிறேன், நீங்களே சரிசெய்துவிடுங்கள்" என்று மதிக்கு எழுதினேன். அவர் போனிலேயே பேசினார்.

"திருப்பிப் போடுறது எனக்கு ஒரு நிமிச வேலை அண்ணை. ஆனால் அது எங்கட வழக்கமில்லை. புது ஆக்கள் விட்ட பிழையை நாங்கள் எடுத்துத் திருத்தினா, அவை பிறகு வரமாட்டினம். பக்கத்தில இருப்பம், கை வைக்க மாட்டம்."

"எனக்குப் பயமா இருக்குங்க. அவரு நம்ம ஊர்க்காரரு."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. அவரிட்டையே கேளுங்கோ. எங்கட ஊருக்கும் இரண்டு இடம் அண்ணை. முகாமுக்குப் போன சனமும் அதே பேரைத்தான் வைச்சுக்கொண்டுது, ஊரில நிண்ட சனமும் அதே பேர்தான். இரண்டு பேரும் பொய் சொல்லேல்லை."

அன்று சாயங்காலமே புள்ளியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அக்காவிடம் நம்பர் வாங்கி, அங்கே விடிந்ததும் ராமலிங்கம் அண்ணனுக்குப் போன் செய்தேன். நான்தான் அது என்று சொன்னேன்.

"நீயா? ஏன்டா, ஐர்லாந்துல வேற வேலையே இல்லியா உனக்கு?"

"தப்புத்தாண்ணே. மன்னிச்சிடுங்க. திருப்பி வெச்சிட்டேன். பழைய வேலங்குப்பம்னு போட்டுடட்டுமா? குழப்பம் வராது."

"பழையன்னு போடாத. செத்துப்போனதுக்குத்தான் அப்படிப் பேரு. நாங்க உசுரோட கீறோம்ல? இரு, எங்க தெருவுல என்னென்ன கீதுன்னு நானே சொல்றேன், எழுதிக்க."

அதன் பிறகு பத்து நாள், அவர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டே தெருத்தெருவாக நடந்தார். இங்கே நான் வரைந்தேன். ரேஷன் கடை, மோட்டார் கொட்டாய், ஏரிக்கரை, மாரியம்மன் கோயில், வாசலில் பன்னீர் மரம் நிற்கிற அவருடைய வீடு. நான் வரைவதை மதி நோர்வேயிலிருந்து பார்த்து, கோயிலைக் கடை என்று குறித்ததைச் சுட்டிக்காட்டினார். அயர்லாந்திலும் நோர்வேயிலும் இருந்த இரண்டு பேருக்கு, கிழக்குத் தெருவில் எந்த வீட்டு நாய் குரைக்கும் என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது.

அக்கா மட்டும் கோபித்துக்கொண்டாள். "ஓ, பேரை அவங்களுக்கே குடுத்துட்டியா? அப்போ நாங்க என்ன, வெறும் மனையா? அம்மாவுக்கு மறுபடி மூச்சு வாங்கினா எந்த ஊருன்னு சொல்லி ஆம்புலன்ஸைக் கூப்புடறது?" அவள் சொன்னதும் நியாயம்தான். இதை மதியிடம் கொண்டுபோனேன். வரைபடக்காரர்களுக்கு அதற்கும் ஒரு விதி இருந்தது. அந்த மண்ணில் நிற்கிற சனம் அந்த இடத்தை என்னவென்று சொல்கிறதோ, அதையே எழுத வேண்டும். அக்கா வேலங்குப்பம் என்கிறாள், ராமலிங்கம் அண்ணனும் வேலங்குப்பம் என்கிறார். "அப்ப இரண்டுக்கும் அதையே போடுங்கோ" என்றார் மதி. ஒரே பெயரில் இரண்டு ஊரா என்று தயங்கினேன். எந்த ஆபீசரும் வந்து தடுக்கவில்லை. போட்டேன்.

அடுத்த மாதம் அதே பையன் வீட்டு வண்டி நேராகப் பன்னீர் மரத்தடியில் வந்து நின்றதாம். என்ன ஆயிற்று என்று பயந்துகொண்டே கேட்டேன். "எல்லாம் புடிச்சிப்போச்சி அவங்களுக்கு. எம் பொண்ணுதான் வாணாம்னுட்டா. மொத தடவ வழியில ஒரு ஆளை நிறுத்திக் கேக்கத் தெரியாதவனைக் கட்டிகினு நான் என்ன பண்றதுன்னு கேக்கறாடா" என்று ராமலிங்கம் அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். கிழக்குத் தெரு எத்தனை வருஷம் நிற்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நிற்கிற வரைக்கும் அது வரைபடத்தில் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தால் வாத்தியார் நோட்டைப் பிடுங்கி எறிவார், அது போய் மூலையில் விழும். ஒர்க்ஷாப்பில் ஸ்பேனர் பறந்துவரும். தப்பு செய்தவன் கையிலேயே வேலையைத் திருப்பிக் கொடுத்து, முடிக்கிற வரை பக்கத்தில் இருந்த ஒரு ஆளை இந்த வயதில்தான் பார்த்தேன். மதியின் முகம் இன்றுவரை எனக்குத் தெரியாது. நன்றி என்று எழுதினால், "அடுத்த ஆளுக்குச் சொல்லிக் குடுங்கோ" என்பார். போன வாரம், புதிதாக வந்த ஒருவருக்கு நானே முதல்முறையாக நல்வரவு எழுதினேன். அனுப்புவதற்கு முன் ஆறுமுறை படித்துப் பார்த்தேன்.

நேற்று சமையலறை இடைவேளையில் வரைபடத்தில் வேலங்குப்பம் என்று தேடினேன். இரண்டு புள்ளிகள் வந்தன. நடுவில் சுரங்கம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. நான் நிற்கிற இடமும் அதே திரையில் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு விரல்களால் சுருக்கிக்கொண்டே போனேன். கடல் வந்தது, பாலைவனம் வந்தது. இந்தத் தீவு ஓரத்தில் எட்டிப்பார்த்தபோது, ஊர்ப்பக்கம் இரண்டு புள்ளிகளும் சேர்ந்து ஒன்றாகிவிட்டிருந்தன. இன்னும் கொஞ்சம் சுருக்கினால் அதுவும் மறைந்துவிடும் என்று தோன்றியது. விரலை எடுக்காமல் அப்படியே நின்றேன்.