ஒன்றாம் வகுப்பில் அம்மா

தக்காளி பறித்துவிட்டு வரும் அம்மாவின் விரல்களில் ஒரு பச்சை வாடை இருக்கும். இலையும் காம்பும் உரசி ஏறிய கறை காய்ந்து கருத்து, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கை என் தலையைப் பின்னும்போது வாடை முடியிலும் ஒட்டிக்கொள்ளுமோ என்று நான் கழுத்தை முன்னால் இழுத்துக்கொண்டே இருப்பேன். "கதலொத்து" என்று, அசையாதே என்று, ஒரு தட்டு விழும்.

ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. தளி சாலையில் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளியில், தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளோடு, மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் படித்தார்கள். அவர்கள் பேசிய தமிழ் மீது எனக்கு ஆசை. எங்கள் வீட்டில் தெலுங்கு. நான்காம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த சாந்தியிடம், எங்கள் வீட்டிலும் தமிழ்தான் என்றும், அம்மா கம்பெனிக்கு "ஷிப்ட்" போகிறாள் என்றும் சொல்லியிருந்தேன். சொன்ன ஒன்றைக் காப்பாற்ற நாள்தோறும் இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்றாம் வகுப்புக்கும் எங்களுக்கும் ஒரே கூடம். அந்த ஆண்டு திருநெல்வேலிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அவருடைய வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது மட்டும்தான் தெரியாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். "அதுக பேசுதது எனக்கு விளங்கல, நான் பேசுதது அதுகளுக்கு விளங்கல. தெலுங்கோ கன்னடமோ தெரிஞ்ச அம்மாமார வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்து இங்கன உக்காரச் சொல்லுங்க. படிச்சிருக்கணும்னு இல்ல." கன்னடத்துக்கு மாவு மில்காரர் மனைவி வந்தார். தெலுங்குக்கு யாரும் வரவில்லை. நான் வீட்டில் சொல்லவே இல்லை.

ஒரு நாள் கங்கா என்ற சின்னப் பெண் எழுந்து "பயட்டிக்கி போவால" என்றாள். வெளியே போக வேண்டுமாம். தினமும் வீட்டுக்கு ஓடப் பார்க்கிறவள் என்பதால் டீச்சர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவள் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் சாந்தி இருந்தாள். பிறகு கங்கா உட்கார்ந்த இடம் நனைந்தது. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து கங்கா வரவில்லை.

அவளுடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தார்கள். அதனால் சேதி வீடு வந்து சேர்ந்தது. "நீ அங்கேதானே இருந்தாய்?" என்று அம்மா தெலுங்கில் கேட்டாள். டீச்சர் அழைத்ததை, சாந்தியிடம் சொன்னதை, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவள் திட்டவில்லை. கையை மட்டும் ரொம்ப நேரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

திங்கட்கிழமை, அரை நாள் வேலையை விட்டுவிட்டு, கங்காவைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். "எனக்கு எழுத்து தெரியாதுங்க டீச்சரு. இதுங்க சொல்றத உங்களுக்குச் சொல்றேன், நீங்க சொல்றத இதுங்களுக்குச் சொல்றேன்."

"அது போதும்மா. உங்க பிள்ள யாரும் இங்க படிக்குதா?"

"இல்லீங்க. இந்தப் புள்ளைக்கோசரம் வந்தேன்."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "யாருடி இந்தம்மா? கையப் பாரு, கரி அள்ளின மாதிரி" என்றாள் சாந்தி. "தெரியல" என்றேன்.

ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் தெலுங்கில் ஏதோ கேட்க, திடீரென்று ஒரே சிரிப்பு. "என்னம்மா சொல்லுதான்?" என்று டீச்சர் கேட்டார். "உங்க கொண்டையில குருவி முட்டை வெச்சிருக்குதான்னு கேக்குறான், டீச்சரு." டீச்சரும் சிரித்துவிட்டார். எங்கள் வகுப்பும் எட்டிப் பார்த்தது. எனக்கு எழுந்து நின்று அது எங்கம்மா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. மணி அடித்துவிட்டது. முழுப் பரீட்சை வரை எல்லாத் திங்கட்கிழமையும் அவள் வந்தாள். எல்லாத் திங்கட்கிழமையும் மணி அடித்தது. கங்கா தானாகவே தமிழில் கேட்டுவிட்டு வெளியே ஓடக் கற்றுக்கொண்டாள்.

அந்தக் கூடத்தை இடித்துவிட்டார்கள். "எனக்குப் புரியவில்லை, வந்து உதவுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லும் டீச்சரையும் அதன் பிறகு நான் பார்க்கவில்லை; என் மகளின் இங்கிலீஷ் பள்ளியில் நாங்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறோம். அதனால், விருப்பமுள்ள அம்மாக்கள் வாரம் ஒருமுறை வகுப்புக்கு வந்து கதை சொல்லலாம் என்று போன வாரம் வந்த தாளை நம்ப முடியாமல் இரண்டு முறை படித்தேன். பெயரை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். என் இங்கிலீஷ் போதுமா, மற்ற அம்மாக்கள் என்ன நினைப்பார்கள் என்று மனம் அலைந்துகொண்டே இருந்தது. கடைசியில் மகளிடமே கேட்டேன்.

"வாம்மா," என்றாள் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே. "ஆனா அங்க வந்து என்கிட்ட தெலுங்குல பேசாத, சரியா?"

சரி என்றேன். திங்கட்கிழமை போக வேண்டும். பெற்ற பிள்ளையைத் தெரியாதவள்போல் உட்கார்ந்திருக்க அம்மாவுக்கு முடிந்தது, எனக்கு முடியுமா என்று தெரியவில்லை. முடியக்கூடாது என்றும் இருக்கிறது.