விரல் நுனி விளக்குகள்

1. போன ஆண்டு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத் திருவிழா மேடையில், விரல் நுனிகளில் குட்டி விளக்குகள் மாட்டிக்கொண்டு, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் ஆட ஏறினார்.
2. “கல்யாணமான பொம்பள ஆடுறதா? எறங்கு!” என்று கோயில் தலைவர் கத்தினார். அக்கா இறங்கவில்லை.
3. மேடை விளக்குகளுக்குப் பொறுப்பாயிருந்த என்னிடம் தலைவர் அணைக்கச் சொன்னார். அணைத்தேன்.

அக்காவுக்கு வேண்டியதே இருட்டுதான். மெலிந்த அந்த உருவம் மறைந்து, பத்து வெளிச்சங்கள் மட்டும் சுழன்றன. சட்டென்று விரல்களை மடக்குவார்; எதிர்பாராத இடத்தில் விரிப்பார். விசில் பறந்தது.

“ஐயோ, லைட்டப் போடு புள்ள!” என்றார் தலைவர்.

“போடாத தங்கச்சி! தலைவரு புண்ணியத்துல இருட்டு நல்லாருக்கு!” என்றார் மேடையிலிருந்து அக்கா.

கூட்டம் சிரித்தது. நான் சுவிட்சைத் தொடவில்லை.

இந்த ஆண்டு அவருக்கு மேடை இல்லையென்று தலைவர் அறிவித்துவிட்டார். அக்கா பதுளை நகரத்துக்குப் போய் விரல் விளக்குகளுக்குப் புது பேட்டரிகள் வாங்கி வந்திருக்கிறார்.