இதயத்தை நிறுத்திட்டாங்களாம்

இன்று காலை வெள்ளிமலையிலிருந்து சாமை மூட்டையோடு என் கடைக்கு வந்த சின்னசாமி, போனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சென்னையில் அவருடைய அண்ணனுக்கு இதய ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது.

"இதயத்த நிறுத்திட்டாங்களாம்ங்க மொதலாளி. அண்ணி சொல்லுது" என்று அழுதார்.

நான் விசாரிப்பதற்குள் ஊருக்குப் போன் போட்டுச் சாவு சொல்லிவிட்டார்.

"யோவ், நிறுத்தாம எப்படிய்யா தைப்பாங்க?"

சட்டைப் பொத்தானைக் கழற்றி என் தழும்பைக் காட்டினேன். "வால்வு மாத்தறப்ப எனக்கும் நிறுத்திதான் வெச்சிருந்தாங்க. அதுவரைக்கும் ஒரு மிஷினு ரத்தத்த வெளிய இழுத்து, ஆக்சிஜன் ஏத்தி, திரும்ப ஒடம்புக்குள்ள அனுப்பிக்கினே இருக்கும்."

"அப்ப அத்தினி நேரம் நீங்க செத்தா கெடந்தீங்க?"

"மிஷினு உயிரோடதான்யா வெச்சிருந்துச்சு."

அவர் நம்பவில்லை. மதியம் அண்ணி மறுபடி கூப்பிட்டார். "மிஷின எடுத்துட்டாங்க. தானா துடிக்குதாம்."

எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

சின்னசாமி ஊருக்குப் போன் போட்டால், மேளத்துக்கு ஆள் போயாச்சாம். "திருப்பிக் கூப்புடுங்கடா!" என்று கத்தினார்.

கிளம்பும்போது என் நெஞ்சை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தார். "சாமைக்கு வெலய கொறைக்கிறீங்கன்னு மலையில ஒங்கள இதயமே இல்லாத ஆளுன்னு பேசிக்கிறாங்க. நான் பாத்தேன்னு சொல்லிடறேன்."

இன்னும் யாருக்காவது சந்தேகம் இருந்தால் கடைக்கு வாங்க, காட்டுகிறேன்.