பதினான்காம் நபரிடம் கேட்காத கேள்வி

முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற இருபத்திரண்டு பேரை, வரலாறு, இலக்கியம், நாடகம், தத்துவம் என்று பாகுபாடில்லாமல் பொறுக்கியெடுத்து, விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு கல்லூரி விடுதியில் ஐந்து நாள் தங்கவைத்தார்கள். அதற்குக் கோடைப் பள்ளி என்று பெயர். காலையில் சொற்பொழிவு, மதியம் பயிற்சி, நடுவில் ஆறிப்போன டீ. நாங்கள் எல்லோரும் இருபதுகளில் இருந்தோம். என் அறையில் இருந்தவருக்கு மட்டும் நாற்பத்து மூன்று வயது. ஆய்வில் சேர்ந்து ஏழாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் சாயங்காலமே யாரோ ‘ஏழாம் வருஷம்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நேரில் அக்கா என்று கூப்பிட்ட நானும் முதுகுக்குப் பின்னால் ஏழாம் வருஷம் என்றுதான் சொன்னேன்.

அக்காவுக்கு ஒரு கண் மருத்துவமனையில் சீட்டு எழுதுகிற அரைநாள் வேலை. கணவர் வேன் ஓட்டுகிறார். மகள் பள்ளியில் கடைசி வருடம். சாப்பாட்டு மேசையில் மகள் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமும் உட்கார்ந்து படிப்பார்களாம். “யாரு முதல்ல பாஸ் பண்றாங்கன்னு வீட்ல பந்தயமே நடக்குது. நான் தோத்துடுவேன் போல இருக்கு” என்று சிரித்தார். ஆனால் விஷயம் சிரிப்பதற்கு இல்லை. இன்னும் மூன்று மாதத்தில் அவருடைய ஆய்வுப் பதிவு காலாவதியாகிறது. ஐந்து அத்தியாயங்களில் நான்கு முடிந்துவிட்டன. நான்காவது அத்தியாயம் மட்டும் மூன்று வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. “அதை முடிக்காம என் முகத்துல முழிக்காதே” என்று சொல்லித்தான் வழிகாட்டி இங்கே அனுப்பியிருந்தார். அது தேறவில்லை என்றால் ஏழு வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

முப்பத்தாறு வருடங்களுக்கு முன்னால் அவருடைய ஊர் நூல் மில்லில் நடந்த வேலைநிறுத்தம்தான் அவர் ஆய்வு. ஐம்பத்தெட்டாவது நாள் நிர்வாகம் கேட்டைத் திறந்தது. சிலர் உள்ளே போய்விட்டார்கள். அத்தோடு வேலைநிறுத்தம் உடைந்தது. அக்கா, அந்தக் காலத்தில் அந்த மில்லில் வேலை பார்த்த முப்பத்தொரு பேரை உட்காரவைத்து, ஒரே ஒன்பது கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டுப் பதிவு செய்திருந்தார். ஒன்பதாவது கேள்வி இது: “கேட் திறந்த அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?” பதில் சொன்ன எல்லோரும் வெளியேதான் நின்றார்களாம். அப்படியென்றால் உள்ளே போனவர்கள் வானத்திலிருந்து குதித்தார்களா?

மூன்றாம் நாள் பயிற்சியை நடத்திய பேராசிரியைக்கு ஒரு முறை உண்டு. முடியாத அத்தியாயத்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்கியவர் அதைத் தன்னுடையதாகவே பாவித்து, ‘நான்’ என்று சொல்லிப் பத்து நிமிடம் பேச வேண்டும். எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது. பழைய சோப்பு விளம்பரங்களைப் பற்றிய என் அத்தியாயம் அக்காவிடம் போயிற்று. அவருடைய நான்காவது அத்தியாயமும் பின்னிணைப்பில் இருந்த முப்பத்தொரு உரையாடல்களும் என்னிடம் வந்தன.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். எங்களுக்கோ குற்றம் பார்ப்பதுதான் பிழைப்பு. பின்னிணைப்பை வரி விடாமல் படித்து ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன். அன்று எனக்கிருந்த குஷியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

“நான் முப்பத்தொரு பேரைச் சந்தித்தேன்,” என்று மேடையில் ஆரம்பித்தேன். “முப்பது பேரிடம் ஒன்பது கேள்விகள் கேட்டேன். பதினான்காம் நபரிடம் மட்டும் எட்டோடு நிறுத்திக்கொண்டேன். அவரிடம் கேட்காமல் விட்டது எதை என்றால், என் ஆய்வுக்கு உயிரான கேள்வியை. ஏன் விட்டேன்? அதை நான் எங்கேயும் எழுதவில்லை.”

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். அக்கா எழுந்து நின்றார்.

“எழுதினவங்க பேசக்கூடாது,” என்றார் பேராசிரியை.

“தெரியும் மேடம். அவர் எங்கப்பா.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். விடுதி மொட்டைமாடியில், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னுடைய துணியையும் சேர்த்தே மடித்து வைத்திருந்தார்.

“மன்னிச்சிடுங்கக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது.”

“நீ உன் வேலையைச் செஞ்சே. விடு.”

“அவரு உள்ள போனாரா?”

அக்கா கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். “எனக்கு அப்போ ஏழு வயசு. அந்த வாரம் எங்க தெருவுல எங்க வீட்ல மட்டும் அடுப்பு எரிஞ்சுது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். கேட்டா அவரு பொய் சொல்லணும், இல்லைன்னா மானம் போகும். ரெண்டும் வேண்டாம்னு விட்டுட்டேன். பதிவு பண்ணி நாலு மாசத்துல அப்பா போய்ச் சேந்துட்டாரு. காப்பாத்திட்டேன்னுதான் இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

“அப்புறம் ஏன் அத்தியாயம் நகரல?”

“அந்தப் பதிவோட கடைசியை நான் தட்டெழுதவே இல்ல. அதைத் திரும்பக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல.”

நான்காம் நாள் சொற்பொழிவுகள் எதற்கும் அவர் வரவில்லை. அறைக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அந்தப் பதிவின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோய் வைத்தேன். அதை எடுத்துக் குடிக்கவில்லை. அழுதாரா என்று எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்க்க எனக்குத்தான் துணிச்சல் வரவில்லை.

கடைசி நாள் ஒவ்வொருவரும் திருத்திய முதல் பக்கத்தை வாசிக்க வேண்டும். அக்காவின் முறை வந்தது. கையில் ஒரே ஒரு தாள். குரல் உயராமலும் இறங்காமலும், மருத்துவமனையில் சீட்டு வாசிப்பது போல வாசித்தார்.

“பதினான்காம் நபர் என் தந்தை. அவரிடம் ஒன்பதாவது கேள்வியை நான் கேட்கவில்லை. நான் இதுவரை எழுத்தில் பெயர்க்காத பகுதி இது.

நான்: அவ்வளவுதாம்பா. முடிஞ்சுது.

அவர்: எல்லார்கிட்டயும் ஒன்பது கேட்டியாமே. இன்னும் ஒண்ணு இருக்கே?

நான்: உங்களுக்கு அது வேண்டாம்பா.

பதினோரு விநாடி மௌனம்.

அவர்: அப்போ நீயும் முடிவு பண்ணிட்டியாம்மா?

இத்தோடு ஒலிப்பதிவு முடிகிறது. கருவியை நிறுத்தியது நான். அவர் அன்று எங்கே நின்றார் என்பது எனக்குத் தெரியாது.”