கரஸ்பாண்டென்ட் வீட்டுச் சாமியிடம் பூக் கேட்டார்கள்

உங்களுக்கு மேலே உட்காரப்போகிற ஆள் யார் என்று சாமியிடம் பூப்போட்டுக் கேட்கிற இடத்தில் நீங்கள் வேலை பார்த்ததுண்டா? நான் பார்க்கிறேன். சூலூர் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. எம்.ஏ., பி.எட். முடித்த கையோடு ப்ளஸ் ஒன்னுக்கு வரலாறு எடுக்கச் சேர்ந்தேன். இந்தத் தொழிலுக்கு வரத் துடிக்கிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை டைப் அடிக்கிறேன்.

பள்ளி, ஊரில் தோட்டம் நிறைய வைத்திருக்கிற ஒரு பெரிய குடும்பத்துடையது. கரஸ்பாண்டென்ட் அந்த வீட்டுப் பெரியவர். பழைய ஹெச்.எம். ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலை முழுவதையும் இழுத்துச் செய்தவர் கணக்கு டீச்சர் ருக்குமணி. டைம்டேபிள், இன்ஸ்பெக்‌ஷன், ஃபெயிலாகிற பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ், எல்லாம் அவர்தான். அவருடைய அப்பா அம்மா அதே குடும்பத்தின் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். இந்த ஜூனில் தன்னையே ஹெச்.எம். ஆக்குவார்கள் என்று நம்பியிருந்தார்.

முடிவு தெரிந்த அன்றைக்கு நான் வகுப்பில் நடத்தியது உயர்குடியாட்சி. அரிஸ்டாக்ரசி. கிரேக்கர்கள் அந்தச் சொல்லை உண்டாக்கியபோது சிறந்தவர்களின் ஆட்சி என்றுதான் பொருள். யார் சிறந்தவர் என்பதை ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்தவர்களே முடிவு செய்தார்கள். அப்புறம் அந்தச் சிறப்பு தோட்டம் துரவு மாதிரி பிள்ளைகளுக்குப் போனது. மணி அடித்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால், அட்டெண்டர் பழனிச்சாமி சேதியோடு நிற்கிறார்.

"சார், குலதெய்வக் கோயில்ல பூக் கேட்டாங்களாமா. மருமக அம்மணிதானுங்க இனி ஹெச்.எம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

"வெள்ளை வந்துச்சாக்கு?"

"மொதல்ல ரெண்டு தடவ செவப்புத்தானுங்க. மூணாவதுக்கு வெள்ள வந்துச்சு. அதோட நிறுத்திப்போட்டாங்க."

எனக்கு வாய் நிற்காது. சாயங்காலம் கரஸ்பாண்டென்ட் வந்தபோது, ருக்குமணி டீச்சரை வைத்துக்கொண்டே கேட்டேன். "டீச்சர் பேருக்கும் ஒருக்கா பூக் கேட்டிருக்கலாமுங்களே ஐயா?"

அவர் கோபப்படவில்லை. "ஏனுங்க தம்பி, எங்க சாமிகிட்ட எங்கூட்டு ஆளுகளப் பத்தித்தானுங்களே கேக்க முடியும்?" பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் வெசனப்படாத கண்ணு. எப்பவும் போல நீயே பாத்துக்கோ. அம்மணி சும்மா உக்காந்துக்கட்டும்."

நேற்று வந்த எனக்கு 'ங்க'. பதினைந்து வருஷ சர்வீஸுக்கு 'நீ'.

"சரிங்க" என்றார் டீச்சர். கரஸ்பாண்டென்ட் போன பிறகு என்னிடம் சொன்னார்: "சாமியே ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லுச்சுங்க சார். அந்தப் பேச்சுக்கே மரியாதி இல்ல. எம்பேச்சுக்கு எங்கீங்க?"

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: இன்டர்வியூவில் சம்பளத்தை விசாரிக்கும் முன், கரஸ்பாண்டென்ட்டுக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை மருமகள்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வேலையை விட்டுவிட்டார். இன்று பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆள் இல்லை.