நோர்வேத் துப்பாக்கி தேடி ஸ்ட்ரோம்மனுக்கு

ஒஸ்லோவின் குரோருட் வாழ் பெருமக்களின் மேலான கவனத்துக்கு: என் வலது காலுறையின் ஓட்டை, சனிக்கிழமை முதல் பெருவிரல் முழுவதும் வெளியே வரும் அளவுக்கு வளர்ச்சி கண்டுள்ளது. காரணம், குரோருட்டில் நிலையங்கள் இரண்டு. தி-பானே என்னும் மெட்ரோ நிலையம் மேலே, ரயில் நிலையம் கீழே. இடையில் இருபது நிமிட நடை; நான் முதலில் போய் நின்றது மேலே. இது தெரியாமல் யாரும் கிளம்பாதீர்கள்.

நான் கிளம்பியது எங்கள் பத்தாம் வகுப்பின் போர்க்கால நாடகத்துக்காக. படைவீரன் வேடம் எனக்கு. "நோர்வேயிலேயே செய்த துப்பாக்கியோடு வருவேன், இல்லையென்றால் வேடத்தை விட்டுவிட்டு மரமாக நிற்பேன்" என்று வகுப்பு முழுக்கக் கேட்க வீரம் பேசியிருந்தேன். பழைய இராணுவத் துப்பாக்கிகளைப் போலவே செய்து, நாடகங்களுக்கு வாடகைக்கு விடும் கடை ஒன்று ஸ்ட்ரோம்மனில் இருந்தது. பின்னால் இழுத்துத் தள்ளும் போல்ட் உண்டு, குண்டு மட்டும் போகாது. ஆசிரியை முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். வாரத்துக்கு முந்நூறு குரோனர்.

துணைக்கு வகுப்புத் தோழன் கார்த்திக். மதுரையிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. "ஆமாம்" என்பதற்கு நான் சொல்லும் யாழ்ப்பாணத்து "ஓம்" கேட்டால் இன்னும் பூசை தொடங்கியதுபோல் கைகூப்புவான். ரயிலில் கால் மணி நேரம். ஒஸ்லோ வலயத்தைத் தாண்டுவதால் மேலதிகச் சீட்டு எடுக்க வேண்டும்.

கடை வாசலில் நோர்வேக் கொடி. கொடிக்குக் கீழே, "உண்மையான நோர்வேத் தயாரிப்பு". உள்ளே தோல் வார் பூட்டிக்கொண்டிருந்தவர் நம்ம ஆள், ரமணன் அண்ணா. துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வாரைச் சற்று நகர்த்தியதும் மரத்தில் சிறிய முத்திரை: ஸ்பெயின்.

"அண்ணா, இதென்ன?"

"முத்திரை."

"அது தெரியுது. நோர்வே எண்டு வெளியில போட்டிருக்கிறியள்?"

"வார் இஞ்சைதான் தம்பி பூட்டுறது. நான்தான் பூட்டுறனான்."

"மிச்சம்?"

"மிச்சம் பெட்டியில வரும். சுவரில மாட்டுறது கனக்க ஸ்பெயின், சிலது இத்தாலி. உண்மையாச் சுடுறதெண்டால் அது வேறை கதை. குழாய் ஒரு நாடு, மரம் ஒரு நாடு, பேர் இன்னொரு நாடு."

கார்த்திக் சிரித்தான். "டேய், வாருக்கு மட்டும் பாஸ்போர்ட் இருக்குடா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரைப் பூட்டினால் நோர்வேயா? அது நோர்வே இல்லை, நோகாத வேலை! சுடவே தெரியாத துப்பாக்கிக்குச் சுட்ட பெயர். அதைவிட எரிச்சல், அந்த வார் சரியாக முத்திரைக்கு மேலேதான் கிடக்கிறது. எங்கோ ஒருவர் இழைத்த மரம், இன்னொருவர் உருக்கிய இரும்பு. அவர்களின் ஊரை மறைக்க ஒரு முழத் தோல் போதுமாம். "இது பச்சைப் பொய்" என்று நோர்வேஜிய மொழியிலும் தமிழிலும் கத்தினேன். ரமணன் அண்ணா அடுத்த வாரை எடுத்தார்.

"தம்பி, வேணுமோ வேண்டாமோ?"

வாங்கிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்பே போங்கள். திரும்பும்போது துப்பாக்கியை உறைக்குள் மூடியே எடுத்து வாருங்கள். போலியானாலும் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு ரயிலேறினால் பொலிஸ் வரும். நாங்கள் கார்த்திக்கின் பனிச்சறுக்குப் பையில் போட்டோம். முக்கியமாக, முத்திரையைத் தேடிப் பாருங்கள், கேள்வி கேளுங்கள், என்னைப்போலத் துணிந்து நில்லுங்கள்.

ம்... அந்தக் கடைசி வரியை மட்டும் அழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்பில் பையைத் திறந்தேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். "உண்மையாகவே நோர்வேயில் செய்ததா?" என்று கேட்டாள், நாடகத்தில் மரமாக நிற்க வேண்டியிருந்த இங்ரிட்.

"பின்னே?" என்றேன்.

கார்த்திக் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான். அது தன்பாட்டில் வாரை இழுத்து ஸ்பெயின்மேல் சரியாக வைத்துக்கொண்டிருந்தது.

"கடையில இன்னொரு ஆள் வேணுமான்னு கேட்டுப் பாக்கவாடா?" என்றான் மெதுவாக.